இடது பக்கத்து மணி

காது சோதனை அறையின் கதவை அவள் சாத்தியதும் தில்லைநகர் காணாமல் போயிற்று. ஆட்டோ, இளநீர்க்காரர், வரவேற்பறையில் டோக்கன் எண்ணைக் கூவும் பெண், 'கேக்காததைக் கேட்டேன்னு சொல்லி வைக்காதீங்க' என்று இரண்டு தரம் எச்சரித்த என் மனைவி விசாலாட்சி, எல்லாம் போய், ஃபிரிட்ஜுக்குள் வைத்த கத்தரிக்காய் மாதிரி நான் மட்டும் மிஞ்சினேன். சுவரெல்லாம் முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிற நுரை. எதிரே சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ரெஹானா என்று கோட்டில் பெயர் குத்தியிருக்கும் பெண். என் தலையில் ஹெட்போனை மாட்டும்போது "சிவப்பு வலது, நீலம் இடது, சரியா சார்?" என்று சொல்லிச் சரிபார்த்தாள். அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று. எது வலது எது இடது என்று எழுதியிருப்பதை மதிக்கிற மனிதர்கள் உலகத்தில் குறைந்துகொண்டு வருகிறார்கள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலேன்னா அழுத்தாதீங்க. அவ்வளவுதான் சார்." அவ்வளவுதான் என்கிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் தூங்காததற்குக் காரணமே அந்த 'அவ்வளவுதான்' என்று அவளுக்கு எப்படித் தெரியும். வியாழக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. வலது கன்னம் பூராவும் நுரை. அதனால், யார் என்று திரையில் பார்க்காமலேயே, இடது காதில் வைத்தேன். யாரோ ஓர் ஆண் குரல், என் பெயர் மாதிரி எதையோ சொன்னது. "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் விசாலாட்சி போனை நோண்டிக்கொண்டிருந்தவள், "என்னங்க, உங்க பஸ் சிநேகிதர் அருள்தாஸ் நம்பர் இருக்கு. பேசினீங்களா? பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்த மனுஷன் கூப்பிட்டிருக்கார், என்ன சொன்னார்?" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "காது கேக்கலையா, இல்ல கேக்காத மாதிரி இருந்தீங்களா?" என்றாள். நாற்பது வருஷம் கூட இருந்த ஒருத்தியால்தான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடியும். எனக்கு விடை தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். காது நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னால், வியாழக்கிழமை நான் செய்தது அயோக்கியத்தனம். காது கெட்டிருக்கிறது என்று சொன்னால், அதற்கும் முன்னால் பதினோரு வருஷத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதை இப்போது நினைக்க வேண்டாம். இதோ, வலது காதில் முதல் சத்தம்.

தடித்த, அடக்கமான 'பூம்'. அழுத்தினேன். இன்னும் மெல்லிசாக. அழுத்தினேன். ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கு முன்னால் ஓபோ என்ற குழலை ஊதுகிறவர் ஒரு சுரத்தைக் கொடுக்க, எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வார்களே, அதுபோல இந்தப் பெண் ஒரு சுரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், சேர்ந்துகொள்ளத்தான் யாரும் இல்லை. இல்லை, இருக்கிறார்கள். இந்தச் சுரம், இதை எனக்குத் தெரியும். இசையமைப்பாளர் வாஸ்னரின் முதல் சுரம் இதுதான், பிரெஞ்சு ஹார்ன் நாலு சேர்ந்து மூச்சு விடுவதுபோல ஆரம்பிக்கும். 'ஏழாம் துறைமுகம்' வரிசையில் முதல் படம். பூமியின் கடைசிக் கப்பல் விண்வெளியில் கிளம்புகிறது, ஜன்னலில் நீல உருண்டை சின்னதாகிக்கொண்டே போகிறது, கீழேயிருந்து ஐந்து சுரம் ஒவ்வொன்றாக ஏறும், ஐந்தாவதில் நின்று தயங்கும், இரண்டு தாள அடி மௌனம், பிறகு ஒரு முக்கோணக் கம்பியை யாரோ ஒரே ஒரு தட்டுத் தட்டுவார்கள். அருள்தாஸ் அதற்கு 'வீட்டு மணி' என்று பெயர் வைத்தான். கப்பலில் போகிறவனுக்குக் கேட்காது, படம் பார்க்கிற நமக்குக் கேட்கும், வீடு கூப்பிடுகிறது என்பான். நாலு படம் வந்தது, நாலுக்கும் நாலு இசையமைப்பாளர்கள். இரண்டாவது படத்துக்கு ஆஷ்லின். அதே ஐந்து சுரத்தை எடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு அணிவகுப்பு இசையாக்கிவிட்டார். வாஸ்னர் ஊரை விட்டுப் போகிறவனுக்கு எழுதினார், ஆஷ்லின் அவனை வழியனுப்ப வந்த அமைச்சருக்கு எழுதினார். இது நான் எழுதிய வாக்கியம், நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது படத்துக்குக் கோர்மோஷ். அவரிடம் வருகிறேன். நாலாவது படத்துக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, ஒரு சின்தசைசரை வாங்கி அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே வாசித்தவர். ஐந்து சுரம் ஏறி, நின்று, ஒன்று, இரண்டு, மணி. அழுத்தினேன். காதுக்குள் ரெஹானாவின் குரல் வந்தது. "சார், நான் இப்ப எதுவும் குடுக்கலையே." "மன்னிச்சுக்கம்மா. எனக்குக் கேட்டுது." "என்ன கேட்டுது?" "முக்கோணம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் புருவம் ஏறி இறங்கியது. "சரி சார், நான் குடுக்கறதுக்கு மட்டும் அழுத்துங்க, என்ன?" என்றாள், பேரனிடம் சொல்வதுபோல. நான் குடுக்கறதுக்கு மட்டும். எத்தனை பெரிய நிபந்தனை. வாழ்நாள் பூரா இல்லாததற்குத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, அல்லது இருப்பதற்கு அழுத்தாமல். சத்தம் மெல்லிய ஊசி மாதிரி ஆகிக்கொண்டே போகிறது. வலது காது இன்னும் எட்டிப் பிடிக்கிறது. அறுபத்தேழு வயதுக்கு மோசமில்லை. இந்தக் காதுதான் இருபது வருஷம் பஸ்ஸில் உழைத்த காது.

காலை ஏழு பத்துக்கு உறையூரில் ஏறினால் ஏழு ஐம்பதுக்குத் தொழிற்சாலை கேட். நான் வரைபடப் பிரிவு, அருள்தாஸ் ஸ்டோர்ஸ். நான் இன்னொருவன் போட்ட கோட்டில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன், அவன் எந்த போல்ட் எந்த அலமாரியில் என்று ஞாபகம் வைத்திருந்து சம்பளம் வாங்கினான். எனக்கு எப்போதும் இடது பக்க ஜன்னல். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். அவன் எனக்கு வலது பக்கத்தில். துபாயிலிருந்து அவன் மச்சான் ஒரு வாக்மேன் கொண்டுவந்தார், கூடவே மூன்று கேசட், மூன்று துறைமுகங்களின் இசை. ஹெட்போன் ஒன்றுதான், சின்னதாக இரண்டு குமிழ். ஆளுக்கொன்று. முதல் நாள் அவன் கையில் கிடைத்ததை எடுத்துக் காதில் வைக்கப் போனான், நான் பிடுங்கினேன். "டேய், எழுதியிருக்கு பாரு. எல்லுன்னா இடது காது. ஆருன்னா வலது. நீ என் வலது பக்கம் உக்காந்திருக்க, உன் இடது காது இந்தப் பக்கம் இருக்கு, என் வலது காது அந்தப் பக்கம் இருக்கு. எல்லை நீ வை, ஆரை நான் வைக்கிறேன். தயாரிச்சவன் முட்டாளா?" "நீ ஸ்டோர்ஸுக்கு வந்திருக்கணும்டா கனகு" என்றான். அவன் ஒருவன்தான் கனகசபாபதியைக் கனகு என்று சுருக்கியவன். சர்ச் பாடகர் குழுவில் நடுக்குரல் பாடுகிறவன், கேட்கும்போது தாடையைச் சற்றுத் தூக்கிக்கொள்வான். பஸ் முழுக்க எங்களுக்குத் 'தலை ஒட்டின ரெட்டையர்' என்று பெயர். ஒயர் நீளம் அவ்வளவுதான், ஒருவன் தும்மினால் இன்னொருவன் குமிழ் கழன்றுவிடும். பால்பண்ணை தாண்டும்போது வாஸ்னரின் கிளம்பும் காட்சி, காட்டூர் வரும்போது வீட்டு மணி. டிரைவர் ஒருநாள் வேகமாகப் போய்விட்டால் காட்டூர் சர்ச்சைத் தாண்டிப் போய் மணி அடிக்கும், "இன்னிக்கு ஊர் தள்ளிப் போயிடுச்சுடா" என்பான். என்ன பேசினோம் அத்தனை வருஷமும்? சண்டைதான். "வயலினைக் கேட்டியா, மேல போய் நின்னு திரும்பிப் பாக்குது" என்பான். "வயலினா? தூரத்துல அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு. அடியில தடிச்ச குரல்ல செல்லோதான்டா எல்லா வேலையும் செய்யுது." "செல்லோவா? எங்கடா இருக்கு செல்லோ?" ஆஷ்லினுக்கு வயலின் என்றால் அலர்ஜி என்று எழுதியே வைத்தேன். கோர்மோஷ் இசைக்கு அடித்தளமே இல்லை, ஆகாயத்தில் கட்டின வீடு என்று அவன் சொன்னான். அவனுக்கு ரசனை போதாது என்று எனக்கு வருத்தம், அதே வருத்தம் அவனுக்கும் இருந்திருக்கும். தியேட்டருக்குப் போய்ச் சரிபார்க்க வழியில்லை. படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்ததும் ஆபரேட்டர் மெஷினை நிறுத்துவார், விளக்கைப் போடுவார்கள், சைக்கிள் எடுக்க ஓடுவோம். கோர்மோஷ் தன் உயிரை வைத்தது அந்த எழுத்து ஓடுகிற நாலு நிமிஷத்தில்தான். திருச்சியில் அதைக் கேட்டது இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காதால்.

"வலது முடிஞ்சுது சார். நல்லா இருக்கு. இப்ப இடது" என்கிறாள் ரெஹானா. நல்லா இருக்கு என்றால் அப்போது வியாழக்கிழமை... இல்லை, வியாழக்கிழமை இடது காது. நீலம். தடித்த சத்தங்கள் வருகின்றன, இந்தக் காதிலும் வருகின்றன. அழுத்துகிறேன். கோர்மோஷின் மூன்றாவது படத்தில் கப்பல் இனித் திரும்பாது. பூமி இல்லை. அதே ஐந்து சுரம், ஆனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறவர் மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்று ஏறும். ஐந்தாவது. இரண்டு அடி மௌனம். அப்புறம் ஒன்றுமில்லை. மணி அடிக்காது. அதுதான் அந்த மனிதரின் மேதைமை என்றேன் நான். வாஸ்னர் கொடுத்த மணியை அவர் தட்டாமல் விட்டார், வீடே இல்லாதபோது யார் தட்டுவது. 'மணி அடிக்காத வீடு' என்று பதினாறு பக்கம் எழுதினேன். கோட்டில் தப்புக் கண்டுபிடிக்கிறவன் எழுதுகிற கட்டுரை, சரிபார்க்காமல் எழுதுவேனா, மகன் வாங்கிக்கொடுத்த பெரிய ஹெட்போனை எல் இடது, ஆர் வலது என்று ஒழுங்காக மாட்டிக்கொண்டு ஒன்பது தரம் கேட்டேன். மணி இல்லை. ஃபிலிம் சொசைட்டியில் வாசித்தேன். நாற்பது பேர், தேங்காய் பிஸ்கட், டீ. முடிந்ததும் மூன்றாவது வரிசையில் அருள்தாஸ் எழுந்தான். "கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மணி இருக்கு கனகு" என்றான். சும்மா, ஸ்டோர்ஸில் சரக்கு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பதினாறு பக்கமும் காற்றில் ஆடியது. நான் சிரித்துக்கொண்டே, "அருள்தாஸுக்கு எங்க போனாலும் மாதா கோயில் மணி கேக்கும். என்ன படம்னு பாக்க மாட்டார்" என்றேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. அவன் இன்னும் எதையோ சொல்ல வந்தான், கையைத் தன் இடது காதுக்குக் கொண்டுபோனான். சிரிப்புச் சத்தம் பொறுக்காமல் காதைப் பொத்துகிறான் என்று நினைத்தேன். பிஸ்கட்டை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பாதி கடித்த பிஸ்கட். அதற்கப்புறம் அவன் அம்மா சாவுக்கு நான் போனபோது கையை மட்டும் பிடித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினான். இருபது வருஷம் ஒரே ஒயரில் இருந்தவனை நாற்பது பேருக்கு முன்னால் அவன் சாமியை இழுத்து வைத்துச் சிரிக்கவைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே? கேட்டால் மணி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடுமே என்று பார்த்தேன். மணி இல்லையே. இல்லாத மணிக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று.

சத்தம் வந்து ரொம்ப நேரமாகிறது. ஏன் நிறுத்திவிட்டாள்? ஜன்னல் வழியே பார்க்கிறேன். அவள் நிறுத்தவில்லை. குனிந்து எதையோ அழுத்துகிறாள், ஒவ்வொரு தரமும் வலது தோள் லேசாக இறங்குகிறது. தோள் இறங்கிற்று, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இறங்கிற்று. ஓகோ. தோள் இறங்கும்போது அழுத்தினால் நான் தேறிவிடலாம். அழுத்தினேன். இறங்கிற்று, அழுத்தினேன். அறுபத்தேழு வயதில் காப்பியடிக்கிறேன். நிறுத்து. எதற்காகத் தேறுகிறாய்? தேறினால் வியாழக்கிழமை அவன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாய் என்று ஆகும். தேறாவிட்டால் ஒன்பது தரம் கேட்டதும் பொய், பதினாறு பக்கமும் பொய், நாற்பது பேர் சிரித்ததும் பொய். கட்டுரை காப்பாற்றப்பட வேண்டுமா, நான் காப்பாற்றப்பட வேண்டுமா? கை கட்டுரையின் பக்கம் போய்விட்டது பார், உன்னைவிட அது உனக்குப் பெரிசு. "சார், என்னைப் பாக்காதீங்க. கண்ணை மூடிக்கோங்க" என்றாள் ரெஹானா. கெட்டிக்காரப் பெண். கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை. இருட்டில் என் மூச்சு, என் நாடி, சட்டைக் காலர் உரசுவது. ஒன்றுமில்லை. வெளியே அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், உள்ளே எதுவும் வரவில்லை, யாரோ தட்டுகிறார்கள், கதவு எந்தப் பக்கம் என்றே வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நீள மௌனத்தைக் கோர்மோஷ்கூட எழுதவில்லை. பொத்தானை அழுத்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. தில்லைநகர் மொத்தமும் வலது பக்கமாக உள்ளே வந்தது. ரெஹானா ஒரு தாளைக் காட்டினாள், சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று. கோடுகள் எனக்குப் பழக்கம். சிவப்பு மேட்டிலேயே நடந்து கடைசியில் கொஞ்சம் இறங்கியது. நீலம் பாதி வழியில் கிணற்றில் விழுந்திருந்தது. "இது வயசால வந்தது இல்ல சார். வயசுன்னா ரெண்டும் சேர்ந்து இறங்கும். இது ரொம்பப் பழசு. சின்ன வயசுல பக்கத்துல வெடி கிடி வெடிச்சுதா?" பதினான்கு வயது, தீபாவளி, டப்பாவைக் கவிழ்த்து உள்ளே அணுகுண்டு வைத்தோம், திரி அணைந்துவிட்டது என்று குனிந்து தலையைச் சாய்த்துக் கேட்டேன். வெடி இருக்கிறதா இல்லையா என்று சரிபார்த்தேன். இரண்டு நாள் காதில் விசில். அப்புறம் நின்றுவிட்டது. நின்றது விசில் மட்டும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் காதுல போனை வச்சா, பேசறது யாருன்னு தெரியுமா?" அவள் தாளைப் பார்த்தாள். "வார்த்தை தெளிவா இருக்காது சார். ஆனா தடிச்ச சத்தம் நல்லாத்தான் கேக்குது. பழகின ஆம்பளைக் குரல்னா யாருன்னு தெரிஞ்சிருக்கும்." இரண்டு தீர்ப்புமே எனக்கு எதிராக. குரல் தெரிந்திருக்கும். தெரிந்தது. நுரைக்குள் என் வாய் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்தது. மணியும் இருந்தது. அதெப்படி, இருபது வருஷம் நல்ல காதால்தானே கேட்டேன், என்று கேட்கும்போதே விடை கிடைத்துவிட்டது. நல்ல காதில் இருந்தது ஆர். மேடையில் வயலின்கள் இடது பக்கம் உட்காரும், செல்லோக்கள் வலது பக்கம், இதைப் பத்து மேடையில் விளக்கிச் சொன்னவன் நான். வாஸ்னர் மணியை நடுவில் வைத்தார், இரண்டு பக்கமும் கேட்டது; கோர்மோஷின் முக்கோணக்காரர் இடது கோடியில் நின்றிருப்பார், அன்றைக்குக் கூட்டத்தில் அருள்தாஸின் கை போனது இடது காது என்று சொல்லத்தான். ஒரே ஆர்க்கெஸ்ட்ராவை நாங்கள் பாகப்பிரிவினை செய்து, ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு, அடுத்தவனுக்குக் காது செவிடு என்று இருபது வருஷம் சண்டை போட்டோம். ஒருநாள், ஒரே ஒருநாள், அவன் கையில் கிடைத்ததை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால். எழுதியிருக்கிறதே என்று பிடுங்கினேன்.

"உங்கிட்ட ஒயர் வச்ச ஹெட்போன் இருக்காம்மா?" இருந்தது. அவளுடைய செல்போனிலேயே தேடச் சொன்னேன், துறைமுகம், மூன்று, முடிவு இசை. கிடைத்தது. மறுபடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன், அவள் வாசலில் நின்றாள், பரிதாபமா வேடிக்கையா என்று முகத்தில் முடிவாகவில்லை. எல் என்று எழுதியிருந்த குமிழை எடுத்து வலது காதில் வைத்தேன். "சார், மாத்தி வைக்கறீங்க." "தெரியும்மா." கதவை ஒருக்களித்தாள். இசை வந்தது. என் செல்லோக்களைக் காணோம், எங்கோ அடுத்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தன. எல்லாம் வயலின். பன்னிரண்டோ பதினாலோ பேர், ஒரே மூச்சு, மேலே போய் நின்று திரும்பிப் பார்க்கிறது. அப்படியேதான் சொன்னான். காட்டூர் வளைவு, பஸ் சாய்கிறது, அவன் தோள் என் தோளில் இடிக்கிறது, எண்ணெய் தேய்த்த தலை வாசனை, தாடை மேலே. இத்தனை வருஷமும் அவன் இசையில் இந்த வயலின் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறி, ஐந்தில் நின்றது. மௌனம். ஓர் அடி. இரண்டாவது அடி. என் விரல் அழுத்தியது. பழைய பொத்தானை எப்போது மறுபடி கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை, சோதனை முடிந்துவிட்டது, யாரும் அந்தப் பக்கம் குறித்துக்கொள்ளவில்லை. அழுத்தினபடியே, அந்த மணி தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும்வரை விடாமல் வைத்திருந்தேன். விட்டதும் என் போனை எடுத்தேன். வியாழக்கிழமை, எட்டு பதினேழு, அந்த எண். வலது காதில் வைத்தேன். நாலு தரம் அடித்தது. என்ன சொல்லுவது என்று முடிவு செய்யவில்லை, மணி இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பதா, மாதா கோயிலிலிருந்து ஆரம்பிப்பதா. எடுத்தான். "நான்தான், கனகு" என்றேன். "ராங் நம்பர்" என்றான் அவன். ஆனால் வைக்கவில்லை. மூச்சு கேட்டது, பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது, மறுபடி மூச்சு. "டேய்" என்றான். "எந்தக் காதுல வச்சிருக்க?"

"வலது."

"அப்பச் சரி. பேசு. நான் எப்பவும் அந்தப் பக்கந்தானே உக்காருவேன்."